வளையத் தெரிந்த கோல்

(கோட்டைப்பட்டினத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலை ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்க எடை குறைந்த ஃப்ளை ராட் கட்டுவதற்கு எப்படிப்பட்ட கோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சு. தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கிற ஊர் இது. நண்டும் கணவாயும் கூடை கூடையாக ஏலம் போகிற ஊர். இங்கே வந்து, ஒரு சாண் நீள மீனைப் பிடிக்கிற குச்சியைப் பற்றி ஒருவன் ஒரு மணி நேரம் பேசப்போகிறான் என்றால், அவனுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஆனாலும் தெரிந்துதான் வந்திருக்கிறேன். அந்தக் குச்சி எதனால் ஆனது? கண்ணாடி இழையும் ரெசினும். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் கையில் பைபர் அரிப்பு பட்டிருக்கிறது? எத்தனை பேர் வள்ளத்துக்கு மேட் வெட்டி, ஹார்டனர் கலந்து, ரெசின் இறுகுவதற்குள் பிரஷ் போட்டிருக்கிறீர்கள்? ஊட்டியில் நின்று இதையே பேசினால் ரெசின் என்றால் என்ன என்பதற்கே பாதி நேரம் போய்விடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அதே காலத்தில்தான், தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன், நீலகிரி ஓடைகள் மெலிந்து தெளிந்து ஓடுகின்றன. கடல் மூடியிருக்கும்போது மலை திறந்திருக்கிறது! சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மழை இறங்கிய பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். நம் மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையை நெருங்கிய அளவு அது. அந்தத் தண்ணீரில் தூண்டில் போட முடியுமா? நிற்கவே முடியாது.

சரி, ட்ரவுட் எப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தது? அது நம் மீன் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டியில் எல்லாம் கிடைத்தது. குளிர் கிடைத்தது, புல்வெளி கிடைத்தது, உருளைக்கிழங்கு கிடைத்தது. ஓடையில் மட்டும் அவர்கள் ஊர் மீன் இல்லை. இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1860களில் ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார், நடக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து எச்.சி. வில்சன் என்பவர் அந்த வேலையைக் கையில் எடுத்தார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் பிறந்த ரெயின்போ ட்ரவுட், இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகளாக வந்து நீலகிரித் தண்ணீரில் கால் ஊன்றியது. இலங்கையில் நுவரெலியா பக்கம் அதற்கும் முன்பே இறக்கியிருந்தார்கள். மூணாறு மலைகளிலும் தேயிலைத் தோட்டக்காரர்கள் வளர்த்தார்கள். அவலாஞ்சிப் பொரிப்பகம் இப்போது நம் மீன்வளத் துறையின் கையில் இருக்கிறது.

வந்த மீன் வளர்ந்தது. ஆனால் எவ்வளவு? சிறு ஓடையில் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். இதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் கோல் வாங்கப் போகிறவர்கள் முதலில் மறப்பது இதைத்தான். கடைக்காரர் காட்டுகிற படத்தில் ஒருவர் முழங்கை நீள மீனைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நாமும் அந்த மீனுக்கு ஏற்ற கோலை வாங்கி வருவோம். ஓடையில் இருப்பதோ வேறு மீன்!

தென்னாட்டில் தூண்டில் பற்றி எழுதியவர்களில் பெயர் பெற்றவர் எச்.எஸ். தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டார். அந்த நூலின் கதாநாயகன் மஹ்சீர். பெரிய ஆற்றின் மீன், கல்லுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிற மீன். அதற்கு முரட்டுக் கோல் வேண்டும், நியாயம். ட்ரவுட் ஓடைக்கு அந்த முரட்டுத்தனம் எதற்கு?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கரையில் தூண்டில் எப்படி வீசுகிறோம்? நரம்பின் முனையில் ஈயக்குண்டு இருக்கிறது. குண்டு பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் போகிறது. ஃப்ளை ராட்டில் குண்டு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ மட்டும்தான். அதற்கு எடையே இல்லை என்று சொல்லலாம். எடை இல்லாததை எப்படி வீசுவது? ஊதினால் பறக்குமே தவிர வீசினால் போகாது. அதனால்தான் அங்கே கயிற்றையே கனமாகச் செய்தார்கள். கயிறு பறக்கிறது, ஈ அதன் வால் போலப் பின்னால் போகிறது. கோலைப் பின்னால் வீசினால் கயிறு பின்னால் நீளும். நீண்ட கயிறு கோலை இழுத்து வளைக்கும். வளைந்த கோல் நிமிர்கிற வேகத்தில் கயிறு முன்னால் பாயும். ஆக, வீசுவது யார்? உங்கள் கையா? இல்லை. வளைந்து நிமிர்கிற கோல்! கோல் வளையவில்லை என்றால் வீச்சே இல்லை.

அந்தக் கயிற்றுக்கு எண் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போகும். 1961இல் அமெரிக்காவில் தூண்டில் சாமான் செய்கிறவர்கள் கூடி வகுத்த கணக்கு அது. கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து எண் கொடுப்பார்கள். மூன்றாம் எண் கயிற்றின் 30 அடி சுமார் ஆறரை கிராம். ஐந்தாம் எண் சுமார் ஒன்பது கிராம். கோலின் மேலும் அதே எண்ணைப் பொறிப்பார்கள். மூன்றாம் எண் கோல் என்றால் மூன்றாம் எண் கயிற்றுக்கு ஏற்ற கோல். சிறு ஓடை என்றால் இரண்டு முதல் நான்கு வரை போதும். என்னைக் கேட்டால் மூன்று.

‘அப்படியானால் மூன்று என்று போட்ட கோலை வாங்கிக்கொண்டால் முடிந்ததே, இதற்கு ஒரு கூட்டமா?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கணக்கு எத்தனை அடிக்கு? முப்பது அடிக்கு! சோலைக்குள் ஓடுகிற ஓடையின் அகலம் எவ்வளவு? ஒரு தாண்டு தாண்டினால் அக்கரை. அங்கே கோல் நுனிக்கு வெளியே எத்தனை அடி கயிறு விடுவீர்கள்? பத்து அடி, பன்னிரண்டு அடி. மூன்றாம் எண் கயிற்றில் பன்னிரண்டு அடியின் எடை என்ன? இரண்டரை கிராம் சொச்சம். முன்பக்கம் மெலிந்து வருகிற கயிறு என்பதால் அதற்கும் குறைவு. இதோ, என் கையில் இருப்பது ஒரு ரூபாய் நாணயம். இதன் எடை 3.79 கிராம். ஓடையில் உங்கள் கோலை வளைக்க வேண்டிய கயிறு, இந்த ஒரு ரூபாயின் எடைகூட இல்லை!

இந்த ஒரு ரூபாய்க்குக் குறைந்த எடைக்கு வளைகிற கோல் எது? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரே கேள்விதான். கடையில் கோலைத் தராசில் போட்டு ‘அடடா, எவ்வளவு லேசு!’ என்று மகிழ்கிறார்களே, அந்த லேசு ஓடையில் உதவாது. தராசில் லேசாக இருந்துகொண்டு இரும்புக் கம்பிபோல் விறைத்து நிற்கிற கோல்கள் கடை நிறைய இருக்கின்றன. சிறு எடைக்கும் இணங்கி வளைகிற கோல்தான் ஓடைக்கு லேசான கோல்.

சொல்வதைவிடக் காட்டிவிடலாம். முன் வரிசையில் நீலச் சட்டை போட்ட தம்பி, கொஞ்சம் மேலே வாருங்கள். (இளைஞர் ஒருவர் மேடைக்கு வருகிறார். கைதட்டல்.) இதோ இரண்டு மொட்டைக் கோல்கள். கைப்பிடி இல்லை, ரீல் மாட்டும் இடம் இல்லை, வளையம் இல்லை. இப்படி வெறுமையாக விற்பதைக் கடைக்காரர்கள் பிளாங்க் என்பார்கள். இரண்டும் ஏழு அடி, இரண்டும் மூன்றாம் எண். ஒன்று கார்பன். மற்றது உங்களுக்குப் பழக்கமான கண்ணாடி இழை. அடிப்பகுதியை மேசை ஓரத்தில் அசையாமல் அழுத்திப் பிடியுங்கள் தம்பி. கோல் தரைக்கு இணையாக நீட்டி நிற்கட்டும். நுனியில் இந்தச் சிறிய பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடுகிறேன். ஒவ்வொரு ரூபாயாகப் போடுகிறேன். நுனி எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏழு அடிக் கோலுக்கு 28 அங்குலம், தாழும் வரை போட வேண்டும்.

(கண்ணாடி இழைக் கோலில் முதலில் நாணயங்கள் போடப்படுகின்றன. பிறகு கார்பன் கோலில்.)

பார்த்தீர்களா? இதன் எண்ணும் அதன் எண்ணும் ஒன்றுதான். ஆனால் அதே அளவு தாழ்வதற்குக் கார்பன் அதிக ரூபாய் கேட்கிறது. வில்லியம் ஹானமன் என்ற அமெரிக்கர் தங்கள் நாட்டுச் சென்ட் காசுகளைப் போட்டு இந்த முறையை வகுத்தார். நமக்கு ரூபாய் இருக்கிறது. செலவு இல்லாத பரிசோதனை, காசும் திரும்பக் கிடைத்துவிடும்! (சிரிப்பு.) கடைக்காரர் ஒட்டிய எண்ணை நம்புவதைவிட இதை நம்பலாம். நன்றி தம்பி, கோல் அங்கேயே இருக்கட்டும்.

வீசும்போது வேகத்தால் கயிற்றின் இழுப்பு கூடும் என்பது உண்மை. நாணயம் தொங்குவதும் கயிறு பாய்வதும் ஒன்றில்லை. ஆனாலும், தொங்குகிற எடைக்கு வளைய மறுக்கிற கோல் குட்டைக் கயிற்றுக்கும் வளைய மறுக்கும். அந்த அளவுக்கு இந்தப் பரிசோதனை பொய் சொல்லாது.

கோல் எதனால் ஆனது என்ற கதைக்கு இப்போது வருகிறேன். இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப் என்ற துப்பாக்கிக் கொல்லர் மூங்கிலைப் பிளந்து, பட்டைகளைச் சீவி, ஒட்டி, கோல் செய்தார். மூங்கில் எங்கிருந்து? இந்தியாவிலிருந்து! கல்கத்தாத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் அதற்குக் கல்கத்தா மூங்கில் என்றே பெயர். பின்னாளில் சீனத்தின் தெற்கிலிருந்து டோன்கின் மூங்கில் வந்தது. நார் நெருக்கமாக இருந்ததால் நம் மூங்கிலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஒரு மூங்கில் கோலுக்கு ஆறு பட்டை. ஒவ்வொன்றும் முக்கோணமாக, அடியிலிருந்து நுனிவரை மெலிந்துகொண்டே போக வேண்டும். கைவேலை நாள் கணக்கில் ஆகும், விலையும் அதற்கேற்ப. அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் கோலாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

1940களில் ஆர்தர் ஹோவால்ட் என்ற வேதியியலர், தம் மூங்கில் கோலின் நுனி ஒடிந்துபோகவே, கண்ணாடி இழையால் ஒன்று செய்துபார்த்தார். 1947இல் ஷேக்ஸ்பியர் என்ற நிறுவனம் அந்த வழியில் கோல் செய்து சந்தைக்கு விட்டது. கொஞ்ச காலத்தில் கொரியப் போர் வந்தது. அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டது. டோன்கின் மூங்கில் நின்றது, கண்ணாடி இழைக்கு ராஜயோகம் அடித்தது! அதன் பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், விமானத்துக்காக, 1960களில் வலுவான கார்பன் இழையை உருவாக்கினார்கள். 1973இல் ஃபென்விக் நிறுவனம் அதைத் தூண்டில் கோலாக்கியது. கண்ணாடி இழை மூலைக்குப் போனது. கடைக்காரர்களும் வாங்குகிறவர்களும் ஒரே மந்திரத்தைச் சொன்னார்கள்: விறைப்பு, வேகம், தூரம், விறைப்பு, வேகம், தூரம்!

தூரம் எதற்கு? எண்பது அடி வீச வேண்டிய ஆற்றுக்குத் தூரம் வேண்டும். காற்றடிக்கிற கடற்கரைக்கு வேகம் வேண்டும். பன்னிரண்டு அடி ஓடைக்கு எதற்கு?

கணக்கைச் சொல்கிறேன். கார்பன் இழையின் விறைப்பு கண்ணாடி இழையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதன் அடர்த்தியும் குறைவு, ஒரு கன சென்டிமீட்டர் கார்பன் 1.8 கிராம், கண்ணாடி இரண்டரை கிராம். ஆகவே ஒன்பது அடிக் கோல் செய்ய வேண்டுமென்றால் கார்பன்தான். அந்த நீளத்தில் கண்ணாடி இழைக் கோல் நுனி கனத்து, மணிக்கட்டை வாங்கிவிடும். ஆனால் ஏழு அடியில்? மொட்டைக் கோலாக இரண்டையும் நிறுத்தால் வித்தியாசம் பெரும்பாலும் சில ரூபாய் நாணயங்களின் எடைதான். அதை ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தாலும் தெரியாது.

மறுபக்கம் பாருங்கள். நூறு மில்லிமீட்டர் கண்ணாடி இழையை இழுத்தால் நாலு மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட பிறகுதான் அறும். கார்பன் இழை இரண்டு மில்லிமீட்டரைத் தொடுவதற்குள் அறுந்துவிடும். பைபர் வள்ளம் அலையில் அடிவாங்கி அதிர்ந்து மீள்கிறதே, ஏன்? இந்தக் குணத்தால்தான். ஓடையில் இது எப்படி உதவுகிறது? ட்ரவுட்டுக்குக் கண் கூர்மை, தெளிந்த தண்ணீரில் தடித்த நரம்பைக் கண்டால் ஓடிவிடும். அதனால் கடைசித் துண்டு நரம்பு 0.15 மில்லிமீட்டர் தடிமன்தான் போடுவார்கள். நீங்கள் சீலாவுக்குப் போடுகிற தங்கூசியை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால், இது நரம்பா என்று கேட்பீர்கள். மீன் திடீரென்று திமிறும்போது, விறைத்த கோல் அந்த வெட்டை அப்படியே நரம்புக்குக் கொடுக்கும். நரம்பு அறுந்துவிடும். வளைகிற கோல் அதைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒரு சாண் மீன் அதில் இழுத்தால்கூட அடிப்பிடிவரை தெரியும். பிடிக்கிற சந்தோஷம் என்பதே அதுதானே!

இன்னொரு வித்தையும் உண்டு. சோலைக்குள் பின்னால் வீச இடமே இருக்காது. மேலே காட்டுமரக் கிளை, பின்னால் குறிஞ்சிப் புதர். அப்போது ஈயின் கொக்கியை இரண்டு விரலால் ஜாக்கிரதையாகப் பிடித்து இழுத்து, கோலை வில்லாக வளைத்து, சட்டென்று விடுவார்கள். ஈ அம்புபோலப் போய் விழும். வில்லாக வளையாத கோலில் இது நடக்குமா?

கார்பன் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கார்பனிலும் மெதுவாக வளையும்படி செய்த கோல்கள் உண்டு. நாணயம் போட்டுப் பார்த்து இணங்கினால் வாங்குங்கள். ஆனால் அது மின்சாரம் கடத்தும் பொருள் என்பதை மறக்காதீர்கள். அவலாஞ்சி, எமரால்டு எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள். கம்பி போகிற இடத்தில் கார்பன் கோலை ஓங்குவது விளையாட்டில்லை. அத்துடன், பாறையில் ஒருமுறை இடிபட்டால் அந்த இடத்தில் உள்ளுக்குள் நைந்துபோய், இன்னொரு நாள் காரணமே இல்லாததுபோல் முறியும். பாறையில் வழுக்கி வழுக்கி நடக்கிறவனுக்கு இது பெரிய விஷயம்.

இனி, மொட்டைக் கோல் எப்படிச் செய்கிறார்கள் என்பது. உங்களுக்கு விளக்கவே வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். வள்ளத்துக்குப் போடுகிற மேட்டில் இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். கோலுக்குப் போடும் துணியில் பெரும்பாலான இழைகள் நீளவாக்கில் ஓடும். குறுக்கே கொஞ்சம்தான், வளையும்போது குழாய் நசுங்காமல் இருக்க. ரெசின் ஏற்கெனவே ஊறிய அந்தத் துணியை நீண்ட முக்கோணமாக வெட்டி, கூம்பாகச் சீவிய எஃகுக் கம்பியில் சுற்றுவார்கள். மேலே டேப்பை இறுக்கிச் சுற்றி அடுப்பில் வேகவைப்பார்கள். பிறகு கம்பியை உருவி, டேப்பை உரிப்பார்கள். டேப்பின் வரி கோல் மேல் வளையம் வளையமாகத் தெரியும். சிலர் அதைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். தேய்க்காமல் விட்டாலும் குறையில்லை. பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுற்றிய துணியின் ஓரம் எங்கே முடிகிறதோ அந்தப் பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நுனித் துண்டின் மெல்லிய முனையை மேசை மேல் வையுங்கள். அடிமுனையை ஓர் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, நடுவில் மற்றொரு கையால் மெல்ல அழுத்தி உருட்டுங்கள். ஓரிடத்தில் கோல் தானாகத் துள்ளித் திரும்பி நிற்கும். அங்கே பென்சிலால் ஒரு கோடு. வளையங்களை அந்தக் கோட்டை ஒட்டியோ அதற்கு நேர் எதிரிலோ கட்டுவது பலருடைய பழக்கம். இதற்காகச் சண்டையே போடுகிறவர்கள் உண்டு! கோல் நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பது இதைவிட முக்கியம் என்பது என் கட்சி. சற்றுக் கோணல் இருந்தால் அந்தக் கோணல் மேலோ கீழோ வரும்படி கட்டிவிடலாம். பக்கவாட்டில் விட்டால்தான் வம்பு.

நீளம் எவ்வளவு? இதற்கு ஓடையைப் பார்க்காதீர்கள், ஓடைக்கு மேலே பாருங்கள். சோலைக்குள் மரம் கவிந்திருந்தால் ஆறரை, ஏழு அடி. புல்வெளியில் திறந்து ஓடுகிற ஓடையென்றால் ஏழரை, எட்டு அடி. அங்கே கரையோரப் புல்லில் கயிறு சிக்காமல் தூக்கிப் பிடிக்க நீளம் உதவும். இரண்டு இடத்துக்கும் ஒரே கோல் வேண்டும் என்றால் ஏழு அடியில் நில்லுங்கள்.

எத்தனை துண்டு? இங்கிருந்து அறந்தாங்கி, திருச்சி, கோவை என்று பேருந்து மாறி மாறி ஊட்டிக்குப் போகிறவனுக்கு நான்கு துண்டுக் கோல் வசதி, பைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு மூட்டும் வளையாத ஓர் இடம். மெல்ல வளைகிற கண்ணாடி இழைக் கோலில் மூன்று மூட்டு இருந்தால் அந்த வளைவு விட்டு விட்டு வரும். இரண்டு துண்டு சிறப்பு, மூன்று துண்டு சமரசம். ஒன்றின் உள்ளிருந்து நீளும் முளை மற்றதில் நுழைகிற மூட்டாக இருந்தால், மாட்டிய பின்னும் இடையில் ஒரு சிறு இடைவெளி தெரிய வேண்டும். அதைப் பார்த்து ‘சரியாக மாட்டவில்லை’ என்று அடித்து இறுக்காதீர்கள். தேயத் தேய இறங்குவதற்காக விட்ட இடம் அது.

நல்ல மொட்டைக் கோலை வாங்கி, அதன் மேல் பாரத்தை ஏற்றிக் கெடுப்பவர்களும் உண்டு. ஏழு அடிக்கு எட்டு வளையம், நுனியில் ஒன்று. மெல்லிய கம்பி வளையம் போதும். நுனிப்பக்கம் ஏறுகிற ஒவ்வொரு கிராமும் கோலைச் சோம்பேறியாக்கும். வளையம் கட்டிய நூலின் மேல் எபாக்சியை ஒரு பூச்சு, மெல்லியதாக. வள்ளத்துக்கு அடிக்கிற பழக்கத்தில் இரண்டு கோட், மூன்று கோட் என்று போட்டால் அங்கே கோல் வளையாது. கைப்பிடி கார்க்கில், ஐந்தாறு அங்குலம் போதும். ரீலைப் பிடிக்க உலோகத் திருகு வேண்டாம், கார்க் மேல் நழுவுகிற இரண்டு வளையங்கள் போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலை ஓடை என்பதற்காக எவன் வேண்டுமானாலும் இறங்கிவிட முடியாது. மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். பல ஓடைகள் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன, அங்கே வனத்துறையைக் கேட்க வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்காவும் இருக்கிறது. அங்கே தூண்டிலே கூடாது. வெளியிலிருந்து வந்து இங்கத்திய உயிர்களைத் தின்கிற மீன் என்று ட்ரவுட்டின் மேல் வனத்துறையினருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் மனத்தாங்கல் உண்டு. அது நியாயமான மனத்தாங்கல். எனவே ட்ரவுட் இல்லாத ஓடைக்கு அதைக் கொண்டுபோய் விடுகிற புண்ணியத்தை யாரும் கட்டிக்கொள்ள வேண்டாம்.

என் பேச்சு முடிந்தது. கோல்கள் இரண்டும் மேடையில்தான் இருக்கின்றன. கயிறு கட்டிய முழுக்கோல் ஒன்றும் கொண்டுவந்திருக்கிறேன், வெளியே திடலில் வீசிப் பார்க்கலாம். கொக்கி கட்டவில்லை, சிவப்புக் கம்பளி நூல்தான், பயப்பட வேண்டாம். பன்னிரண்டு அடிக்கு மேல் கயிறு விடாதீர்கள். பின்னால் வீசிய பிறகு கயிறு நீளும்வரை ஒரு மூச்சு காத்திருங்கள். கண்ணாடி இழைக் கோலுக்கு அந்த ஒரு மூச்சு கட்டாயம் வேண்டும். முதலில் தம்பிமார்கள் வரட்டும். பெரியவர்கள் அதுவரை தேநீர் குடிக்கலாம்.